எட்னா மலையின் பழங்கொடிகள்

சிசிலித் தீவின் எட்னா எரிமலைச் சரிவில் விளைந்த சிவப்பு ஒயினை நேற்று நண்பர் வீட்டில் முதன்முறையாகச் சுவைத்தேன். குவளையின் மறுபுறம் தெரியுமளவுக்கு வெளிறியிருந்த நிறத்தைக் கண்டு, இது வலுவற்ற ஒயினாக இருக்குமோ என்று ஐயுற்ற நான், நாவில் ஏறிய துவர்ப்பையும் கூரிய புளிப்பையும் உணர்ந்ததும் என் ஐயத்திற்காக வெட்கப்பட்டேன்.

இதன் முதன்மைத் திராட்சை நெரெல்லோ மஸ்கலேசே. எட்னா டிஓசி (இத்தாலிய ஒயின்களுக்கான பிறப்பிடச் சான்று) விதிகளின்படி சிவப்பு ஒயினில் அதன் பங்கு 80 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது.

என்னை மிகவும் ஈர்த்தது கொடிகளின் வயதுதான். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களை அழித்த பில்லாக்செரா என்னும் வேர்ப்பூச்சி, எரிமலைச் சாம்பலால் ஆன மணற்பாங்கான மண்ணில் எளிதில் பரவ முடியாததால், அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்த்தண்டில் ஒட்டுப்போடாமல் சொந்த வேரிலேயே நூறாண்டுகளைக் கடந்த கொடிகள் அங்கே சில துண்டு நிலங்களில் இன்றும் காய்க்கின்றன. கருங்கற்களாக இறுகிய எரிமலைக் குழம்பை அடுக்கிக் கட்டிய படித்தளங்களில், ஒவ்வொரு கொடியும் தனித்தனி மரக்கம்பில் சிறு மரம்போல் நிற்கிறது. அங்கே இயந்திரம் நுழைய வழியில்லை, எல்லாம் கைவேலை. கொடிக்கு வயது ஏற ஏற விளைச்சலும் குறைகிறது. (விலை உயர்வுக்கு வேறு காரணம் வேண்டுமா?)

வடக்குச் சரிவில் பல தோட்டங்கள் 600 முதல் 1,000 மீட்டர் உயரத்தில் இருப்பதால், இரவுக் குளிரில் பழம் மெதுவாகப் பழுத்து, பெரும்பாலும் அக்டோபரில்தான் அறுவடைக்கு வருகிறது. 1981இல் ரந்தாஸ்ஸோ ஊருக்கு அருகே இறங்கிய எரிமலைக் குழம்பு அந்தச் சரிவின் திராட்சைத் தோட்டங்கள் சிலவற்றைப் புதைத்துவிட்டது. மக்கள் அதன் ஓரத்திலேயே இன்னும் பயிரிடுகிறார்கள்.