மூன்றாம் அங்கம் முடியவில்லை

மார்ச் 4

தொலைக்காட்சித் தொடருக்கான இந்த வாரப் பகுதியை மதியமே அனுப்பிவிட்டேன். மிச்சப் பொழுது முழுக்க அமெரிக்க நாடகாசிரியர் நீல் சைமனைப் பற்றிய வாசிப்புதான். 1950-களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் சிட் சீசர் என்ற நகைச்சுவை நடிகருக்கு எழுதிய கூட்டத்தில் அவரும் ஒருவர். சனிக்கிழமைதோறும் ஒன்றரை மணி நேரம், அதுவும் நேரலை! எழுத்தாளர்கள் அறையில் மெல் புரூக்ஸ் போன்றவர்கள் போட்டி போட்டுக் கத்துவார்களாம். சைமனுக்கோ குரல் எழும்பாது. தோன்றியதை உடனிருந்த நடிகர் கார்ல் ரைனரின் காதில் மெல்லச் சொல்வார். ரைனர் எழுந்து ஊருக்கே கேட்கும்படி சொல்வார். எங்கள் அறையில் எல்லோரும் ரைனர்களே. காதில் சொல்லத்தான் ஆள் இல்லை.

மார்ச் 7

நான் எழுதும் மேடை நாடகத்தைத் தொடவில்லை. நடிகர் ஒருவர் தொடரிலிருந்து விலகிவிட்டார். அவருடைய காட்சிகளை எல்லாம் இன்னொருவருக்கு மாற்றி எழுதியதிலேயே இரவு போய்விட்டது. தொலைக்காட்சியில் வேகத்துக்குத்தான் சம்பளம். அதே சைமன் முதல் நாடகத்துக்கு ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் எடுத்துக்கொண்டார், இருபது தடவை திருப்பி எழுதினார். 1961-ல்தான் அது நியூயார்க்கின் பிராட்வே மேடை ஏறியது.

மார்ச் 12

ஒத்திகை. முதல் அங்கத்தில் மாமனார் வீட்டைப் பூட்டும் இடம். அவர் சொல்லும் ஒரு வரிக்கு, பார்க்க வந்திருந்த சிலரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அடுத்த வரி, "சாவி பூந்தொட்டிக்கு அடியில் இருக்கிறது" என்பது. சிரிப்பில் அது யார் காதிலும் விழவில்லை. இரண்டாம் அங்கத்தில் மருமகன் தொட்டியைத் தூக்கியபோது எல்லோரும் விழித்தார்கள். தொலைக்காட்சி என்றால் கேமராவைத் தொட்டிக்கு அருகில் கொண்டுபோனால் வேலை முடிந்தது. மேடையில் சாவியை முன்னால் சொல்லிவிட்டுத்தான் சிரிக்க வைக்க வேண்டும். இரண்டு வரிகளையும் இடம் மாற்றினேன். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. பரவாயில்லை.

மார்ச் 16

சைமனின் 'தி ஆட் கப்பிள்' நாடகம் பிறந்த கதை. விவாகரத்தான அவருடைய அண்ணன் டேனி, அதே நிலையிலிருந்த நண்பரோடு ஒரே வீட்டில் குடியிருந்தார். அதை நாடகமாக்கப் பார்த்து டேனியால் முடியவில்லை, தம்பி எழுதினார். 1965-ல் நியூயார்க் போகும் முன் பாஸ்டனில் நடத்திப் பார்த்தபோது மூன்றாம் அங்கம் படுத்துவிட்டது. எலியட் நார்டன் என்ற விமர்சகர், இரண்டாம் அங்கத்தில் வரும் பிஜன் சகோதரிகள் திரும்ப வந்தால் நன்றாக இருக்குமே என்றார். சைமன் வரவழைத்தார், அங்கம் எழுந்து நின்றது. விமர்சகர் பேச்சைக் கேட்டு எழுதுவதா என்று வீம்பு பிடிக்கவில்லை பாருங்கள், அங்கேதான் நான் அவரிடம் தோற்கிறேன்.

மார்ச் 19

அத்தையாக நடிப்பவர் இன்று கேட்டுவிட்டார்: "இரண்டாம் அங்கத்தோடு நான் எங்கே சார் போகிறேன்?" ஊருக்குப் போய்விட்டதாக ஒரு வரி இருக்கிறது என்றேன். அவர் முகத்தில் நம்பிக்கை இல்லை. எனக்கும்தான். மூன்றாம் அங்கத்தில் அத்தை திரும்பி வந்தால், அங்கே இருக்கும் தொலைபேசிக் காட்சிக்கு இடமே இல்லை. இரண்டு பக்கம், நெடுகச் சிரிப்பு. இயக்குநர் அங்கத்தைச் சனிக்கிழமைக்குள் கேட்கிறார். தொலைபேசிக் காட்சியை எடுத்துவிட்டேன். தொடரில் எங்காவது பயன்படும்.