மச்சானின் படகும் என் சிலிக்கன் ரியூப்பும்

கிளிநொச்சியில் அலுமினிய யன்னல் பொருத்துவதுதான் என் தொழில். ஒரு நாளைக்கு ஐந்தாறு ரியூப் சிலிக்கன் பசை என் கையால் போகும். அதனால் போன புரட்டாசியில் இரணைமாதா நகரில் இருந்து மச்சான் போன் எடுத்து, "அத்தான், கபின் யன்னலால தண்ணி உள்ளுக்க வருது" என்றபோது, அரை நாள் வேலை என்றுதான் நினைத்தேன். ரியூப்பை அமுக்குகிற கன்னையும் மூன்று ரியூப்பையும் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு பூநகரி வழியாகப் போய், சட்டத்தின் வெளி ஓரமெல்லாம் அழகாக ஒரு வரி இழுத்து, விரலால் தடவிவிட்டு, மத்தியானம் நண்டுக் கறியும் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

கார்த்திகை மழையில் அது திரும்பவும் ஒழுகியது. முன்பை விட மோசமாக. பற்றறிப் பெட்டிக்கு மேலேயும் ஜிபிஎஸ்சுக்கு மேலேயும்.

படகு பேசாலைப் பக்கம் வாங்கிய பழைய பைபர் போட். இயந்திரம் உள்ளே, முன்னுக்குச் சின்னக் கபின். 2018இல் சனம் இரணைதீவுக்குத் திரும்பிப் போனதில் இருந்து தீவுக்கு ஆளும் சாமானும் ஏற்றுவதற்கும் படகுகளுக்கு வேலை இருக்கிறது. நனைந்த ஆட்களுக்கு மச்சான்தான் பதில் சொல்ல வேண்டும். முன் யன்னல் இரண்டும் கண்ணாடி இல்லை, 6 மில்லிமீட்டர் அக்ரிலிக், கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்ரிக். மேலே அலுமினியச் சட்டம், சுற்றிவர ஆணி.

நான் விட்ட பிழை இங்கேதான். வீட்டு யன்னல் அசையாது. அக்ரிலிக் அசையும். ஒரு மீட்டர் நீள அக்ரிலிக், வெப்பம் 10 பாகை கூடினால் கிட்டத்தட்ட 0.7 மில்லிமீட்டர் நீளும். விடியப்புறக் குளிருக்கும் மத்தியான வெயிலுக்கும் இடையில் 30 பாகை வித்தியாசம் வந்தால் 2 மில்லிமீட்டர். பைபர் அதில் பாதி கூட நீளாது. இரண்டுக்கும் நடுவில் கடதாசித் தடிப்பில் பசை இருந்தால் அது கிழியத்தானே செய்யும்? முதல் பொருத்தியவர் ஆணியை முழுப் பலத்தோடு இறுக்கி, இருந்த பசையையும் வெளியே பிதுக்கிவிட்டிருந்தார். நானோ அந்தக் கிழிசலுக்கு மேலே பூச்சுப் பூசிவிட்டு வந்திருக்கிறேன்.

சரி, எந்த ரியூப்? கடையில் கேட்டால் "கடலுக்கு இதுதான் அண்ணை, திறம் சாமான்" என்று பொலியூரித்தேன் ஒன்றை நீட்டுவார்கள். பைபருக்கும் மரத்துக்கும் அது அருமையான பசைதான். ஆனால் அக்ரிலிக்குக்கு எல்லாப் பொலியூரித்தேனும் ஒத்துவராது. சிக்காபிளெக்ஸ் 291 பெயர்போனது, பிளாஸ்ரிக் யன்னலுக்கு என்று வருவது 295 யூவி. எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். 3எம் 5200 என்ற பொலியூரித்தேனால் ஒட்டினால் பிறகு லேசில் கழற்ற முடியாது. யன்னலை ஒருநாள் கழற்றத்தான் போகிறீர்கள். பொலிசல்பைட் என்கிற பசை படகுத் தளத்துப் பலகை இடுக்குக்கு நல்லது, அக்ரிலிக்கை அரித்துவிடும். சிலிக்கனிலும் வினாகிரி மணக்கிற வகை அலுமினியத்துக்கு ஆகாது. மணக்காத நியூட்ரல் வகைதான் வேண்டும்.

நான் இரண்டு சாமானாகப் பிரித்தேன். அக்ரிலிக்குக்கும் சட்டத்துக்கும் நடுவில் நியூட்ரல் சிலிக்கன். சட்டத்துக்கும் பைபருக்கும் நடுவில் பியூட்டைல் நாடா. அது காயவே காயாது, மெழுகு மாதிரி இருந்து அசைவோடு சேர்ந்து அசையும், கழற்றவும் லேசு. ஆனால் சட்டமும் ஆணியும் பிடித்திருக்கிற இடத்துக்கு மட்டும்தான். சும்மா ஒட்டினால் வெயிலில் வழியும். கூரைக்கு ஒட்டுகிற கறுப்புத் தார் நாடாவைப் பியூட்டைல் என்று தருகிற கடைகளும் உண்டு. ஒரு துண்டைப் பிய்த்து இழுத்துப் பாருங்கள். சுவிங்கம் மாதிரி நூலாக நீண்டால் எடுங்கள், அறுந்தால் திருப்பிக் கொடுங்கள்.

பசை தெரிவு செய்ய ஒரு கிழமை. என்னுடைய பழைய சிலிக்கனைக் கழற்ற இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் என் தொழிலையே நொந்துகொண்டேன். கண்ணுக்குத் தெரியாத படலம் மிஞ்சினாலும் அதற்கு மேல் வேறு பசை ஒட்டாது. பழைய ரெலிபோன் காட்டால் சுரண்டி, பெருவிரலால் உருட்டி உருட்டி எடுத்தேன். எடுக்க முதல் மண்தாள் போட்டால் படலம் இன்னும் பரவும், ஆகவே தாள் கடைசியில்தான். பிறகு பைபரில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்ப்பேன். பரவி ஓடினால் துப்புரவு. தாமரை இலையில் மாதிரி முத்தாக நின்றால் இன்னும் இருக்கிறது, திரும்பச் சுரண்டு. இடது மூலையில் அந்த முத்து மட்டும் ஐந்து தடவை நின்றது.

அக்ரிலிக்கைத் தின்னரால் துடைக்க வேண்டாம். ஒரு வெட்டுத் துண்டில் துடைத்துப் பார்த்தேன். ஓரமெல்லாம் வறண்ட குளத்து மண் மாதிரி மயிர் வெடிப்பு. சோப்புத் தண்ணீர் போதும்.

பங்குனியில் பொருத்தினோம். அக்ரிலிக்கில் ஆணித் துளைகளைக் கொஞ்சம் பெரிதாகத் துளைத்து, சின்ன றப்பர் துண்டுகளை வைத்து பசைக்கு 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டேன். சிலிக்கன் காயும்வரை ஆணியை இறுக்காமல் விட்டு, மூன்றாம் நாள் கால் சுற்று மட்டும் இறுக்கினேன். மச்சானுக்குப் பொறுமை இல்லை. "நல்லா இறுக்குங்கோ அத்தான்" என்று பின்னால் நின்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஸ்பனரை மடியில் வைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

பிறகு உள்ளே சட்டத்தைச் சுற்றி வெண்கட்டித் தூள் பூசி, கிணற்று மோட்டார்க் குழாயால் கீழ் விளிம்பில் தொடங்கி மேலே மேலே தண்ணீர் அடித்தோம். மச்சான் ரோச் லைட்டோடு உள்ளே. யன்னலைச் சுற்றி ஒரு கோடு கூட இல்லை. கபின் கூரைக்குக் குழாயைத் திருப்பியதும் உள்ளே இருந்து சத்தம் வந்தது. கம்பத்து லைட்டுக்கு வயர் இறங்குகிற ஓட்டையால் வந்த தண்ணீர், கூரை உட்பலகைக்கு மேலால் ஓடி, சரியாக இடது யன்னல் மூலையில், நான் ஐந்து தடவை சுரண்டிய அதே இடத்தில் சொட்டியது.

மிஞ்சியிருந்த நாடாவில் ஒரு முழம் போதுமாயிருந்தது.