ஓய்வு பெறும் நாளுக்குள் வாங்கிவிட வேண்டிய ஒரு தாள்

நான் ஓய்வு பெறும் 2025 அக்டோபர் 31 ராத்திரி பன்னிரண்டு மணியோடு, கம்பெனி கொடுத்த எங்கள் மெடிக்கல் இன்சூரன்ஸ் கார்டு செல்லாது என்பது எனக்கு ஆகஸ்டில்தான் தெரிந்தது. கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் 31 வருஷம் அக்கவுண்ட்ஸ் பார்த்தவள் நான். பி.எஃப்., கிராஜுவிட்டி, லீவுச் சம்பளம் எல்லாவற்றுக்கும் ஒரு வருஷம் முன்னாலேயே கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அவை சிக்கலில்லாமல் வந்தும் விட்டன. இன்சூரன்ஸ் மட்டும் நினைப்பிலேயே இல்லை. அதற்கென்று சம்பளத்தில் ஒரு ரூபாய் பிடித்ததில்லையே!

என் வீட்டுக்காரர் லேத் பட்டறை வைத்திருந்தவர். வயது 61, பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. வலது மூட்டை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லி ஆறு மாதம் ஆகியிருந்தது. அவருக்கு இருந்த ஒரே பாலிசி என் கம்பெனியின் 3 லட்ச ரூபாய் குரூப் பாலிசி.

தெரிந்த ஏஜென்ட் ஒருவர் வீட்டுக்கே வந்தார். "புதுசா ஒண்ணு போட்டுரலாங்க அக்கா. சர்க்கரைன்னு மட்டும் எழுத வேண்டாம்" என்றார். அன்றைக்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மறைத்து வாங்கினால், ஆபரேஷனுக்குப் போய்ப் படுத்திருக்கும் நேரத்தில் பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் காட்டி க்ளெய்மைத் தள்ளிவிடுவார்கள், பாலிசியையும் ரத்து செய்வார்கள். உண்மையைச் சொல்லிப் புதிதாக எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்கு க்ளெய்ம் கேட்க 36 மாதம் வரை காத்திருக்கச் சொல்லலாம். மூட்டு மாற்றுக்கு நான் பார்த்த பாலிசிகளில் 24 மாதம். அவர் மாடிப்படி ஏறுவதை நிறுத்தியே வெகுநாள் ஆயிற்று. இன்னும் இரண்டு வருஷம் எப்படிக் காத்திருப்பது?

குரூப் பாலிசியிலிருந்து அதே இன்சூரன்ஸ் கம்பெனியின் தனிப்பட்ட பாலிசிக்கு மாறிக்கொள்ளலாம், இருந்த காலமும் கணக்கில் வரும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. மைக்ரேஷன் என்கிறார்கள். இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அமைப்பின் விதியிலேயே இருக்கிறது. ஆனால் எங்கள் ஹெச்.ஆரில் யாரும் அந்த வார்த்தையைக் கேள்விப்பட்டதாகவே தெரியவில்லை.

செப்டம்பர் முதல் வாரம் அரை நாள் லீவு போட்டு அந்த இன்சூரன்ஸ் கம்பெனியின் கிளைக்குப் போனேன். இரண்டு பஸ் மாறி, டோக்கன் வாங்கி, ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தேன். கவுன்டரில் இருந்தவர் திரையைப் பார்த்துவிட்டு, "இது கார்ப்பரேட் பாலிசிங்க, சென்னை ஆபீஸ்ல போட்டது. இங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். யாருக்கு மெயில் போடணும் என்று கேட்டதற்கு, "உங்க ஹெச்.ஆருக்குத் தெரியுமே" என்றார். அவ்வளவுதான், அந்த அரை நாள் போயிற்று.

மாறுவதற்கு, யார் எந்தத் தேதியிலிருந்து குரூப் பாலிசியில் இருக்கிறார்கள் என்று காட்டும் ஒரு சர்டிபிகேட் வேண்டும். அதைக் கேட்டதற்கு ஹெச்.ஆர். தம்பி, "மேடம், ரிலீவிங் லெட்டர் வந்தப்புறம்தானுங்க அந்த சர்டிபிகேட்டெல்லாம் தர முடியும்" என்றார். சென்னை ஆபீஸிலோ, பாலிசி நிற்கும் தேதிக்கு 30 நாள் முன்னாடியே விண்ணப்பம் வர வேண்டும், பெயரை நீக்கிய பிறகு வந்தால் புதுப் பாலிசியாகத்தான் எடுத்துக்கொள்வோம் என்றார்கள். ரிலீவிங் லெட்டர் கைக்கு வருவது அக்டோபர் 31 சாயங்காலம்! எத்தனை பேர் இந்த இடத்தில் சோர்ந்து விட்டிருப்பார்களோ. நான் இரண்டு பக்கமும் சொன்னதை எழுதி, ஓய்வு பெறும் தேதி போட்ட ஆர்டரையும் இணைத்து, ஹெச்.ஆர். மேனேஜருக்கே மெயில் போட்டேன். நாலாம் நாள் சர்டிபிகேட் வந்தது. வாயால் கேட்டபோதெல்லாம் நடக்காதது எழுதிக் கேட்டதும் நடந்தது.

வந்த சர்டிபிகேட்டைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. என் பெயருக்கு நேரே சேர்ந்த தேதி 01.04.2022, கம்பெனி இந்த இன்சூரன்ஸுக்கு மாறிய நாள், அது சரி. என் வீட்டுக்காரர் பெயருக்கு நேரே 01.04.2024. அதன்படி பார்த்தால் 19 மாதம்தான் கணக்கில் வரும். சர்க்கரைக்கு இன்னும் 17 மாதம் பாக்கி, மூட்டுக்கு 5 மாதம் பாக்கி.

எங்கே தவறு என்று ஒரு ராத்திரி முழுக்கத் தேடினேன். 2024 புதுப்பித்தலின்போது அவருடைய இனிஷியலை ஆதாரில் இருக்கிற மாதிரி திருத்தச் சொல்லி நான்தான் கேட்டிருந்தேன். அவர்கள் திருத்தவில்லை. பழைய பெயரை நீக்கிவிட்டுப் புது ஆளாகச் சேர்த்திருக்கிறார்கள். உறுப்பினர் எண்ணே வேறு. நல்லவேளை, 2022 மே மாதம் டி.பி.ஏ. (இன்சூரன்ஸ் கம்பெனிக்காகக் கார்டு, க்ளெய்ம் வேலைகளைப் பார்க்கும் நிறுவனம்) அனுப்பிய ஈ-கார்டு என் மெயிலில் அழியாமல் கிடந்தது. பழைய இனிஷியல், அதே பிறந்த தேதி, அவருடைய போட்டோ.

அதை அனுப்பிய பிறகும் பத்து நாள் பதில் இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனியின் குறை தீர்க்கும் அதிகாரிக்கு எழுதினேன், அப்புறம் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா என்ற புகார்த் தளத்திலும் புகாரைப் பதிந்தேன் (155255 என்ற எண்ணிலும் சொல்லலாம்). மூன்றாம் நாள் சென்னையிலிருந்து அவர்களே கூப்பிட்டார்கள். திருத்திய சர்டிபிகேட் செப்டம்பர் 25ஆம் தேதி வந்தது. மறுநாளே விண்ணப்பம் போட்டேன். ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி. எல்லாம் ஒரே காலையில் முடிந்துவிட்டது.

ஆகஸ்டில் கேட்டபோது இரண்டு பேருக்கும் சேர்த்து 5 லட்சத்துக்கு ப்ரீமியம் 43,800, அதன் மேல் 18% ஜி.எஸ்.டி. 7,884 ரூபாய் என்றார்கள். செப்டம்பர் 22லிருந்து தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு ஜி.எஸ்.டி. எடுபட்டதால் அந்த 7,884 மிச்சம். மிச்சம் என்று சொல்லிக்கொள்கிறேனே தவிர, என் பி.எஃப். பென்ஷன் மாதம் 4,400 சொச்சம். பத்து மாதப் பென்ஷன் இந்த ஒரு ப்ரீமியத்துக்கே போகிறது. நேற்று வரை கம்பெனி கட்டியது என்பதால் அதன் விலையை நாம் பார்த்ததே இல்லை.

இன்னும் இரண்டு விஷயம். பழைய காலக் கணக்கு பழைய 3 லட்சத்துக்குத்தான், கூடுதலாக எடுத்த 2 லட்சத்துக்குக் காத்திருப்பு முதலிலிருந்து ஆரம்பம். அடுத்தது கோ-பே. 60க்கு மேல் சேருபவருக்கு ஒவ்வொரு பில்லிலும் 20% நம் கையிலிருந்து என்பது பாலிசியின் உள்பக்கத்தில்தான் இருந்தது, போனில் பேசிய யாரும் சொல்லவில்லை. பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பலாம். ஆனால் குரூப் பாலிசி நின்ற பிறகு எதை நம்பித் திருப்புவது? அதனால் பணம் கட்டுவதற்கு முன்பே பாலிசி வாசகத்தை அனுப்பச் சொல்லிப் படித்துவிடுங்கள்.

பொங்கல் முடிந்து அவருக்கு ஆபரேஷன் நடந்தது. கேஷ்லெஸ் ஒப்புதல் அன்று மதியமே வந்தது. பில் 2,40,000, நாங்கள் கட்டியது 48,000. இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடக்கிறார்.

மார்ச்சில் ஓய்வு பெறப்போகும் எங்கள் ஸ்டோர்ஸ் அண்ணனிடம், இப்போதே எழுதிக் கேட்டு சர்டிபிகேட்டை வாங்குங்கள் என்று சொல்லியிருந்தேன். போன வாரம் வாங்கிவிட்டாராம். அண்ணியின் பிறந்த வருஷம் அதில் தப்பாக இருக்கிறது என்று போன் பண்ணினார்.