டேப் டிரைவ் போச்சு என்பார்கள்

சர்வர் பராமரிப்பு வேலையில் இருந்த நாட்களில், "டேப் டிரைவ் போச்சு சார், புதுசுதான் வாங்கணும்" என்று போன் வந்தால் நான் உடனே நம்பமாட்டேன். பேக்கப்பைக் காந்த நாடாவில் எழுதும் அந்த டிரைவ் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும்.

முதலில் கேபிளைப் பார்ப்பேன். டிரைவை சர்வரோடு இணைக்கும் ஸ்கஸி பஸ்ஸின் இரண்டு முனைகளிலும், சிக்னல் மோதித் திரும்பாமல் தடுக்கும் டெர்மினேட்டர் வேண்டும். சர்வரை இடம் மாற்றும் ஆட்கள் கடைசியில் செருகியிருக்கும் அந்தச் சின்னக் கட்டையை 'இது எதுக்கு' என்று கழற்றி டிராயரில் போட்டுவிடுவார்கள். அப்புறமும் லினக்ஸ் டிரைவை அடையாளம் காணும், சின்ன ஃபைலை எழுதவும் செய்யும். பெரிய பேக்கப் ஓடும்போதுதான் லாக் முழுக்க பஸ் ரீசெட், அதாவது இணைப்பை மறுபடி மறுபடி புதிதாகத் தொடங்கிய பதிவுகள். முழுசாகச் செத்திருந்தால் கண்டுபிடிப்பது சுலபம். இந்த அரைகுறைதான் ஆளைக் குழப்பும்.

ஓர் அலுவலகத்தில் டேட்டாபேஸ், மெயில், ஊழியர் ஃபைல்கள் மூன்றும் தினமும் ஒரே டேப்பில் ஏறிக்கொண்டிருந்தன. லாகில் எல்லாமே வெற்றி. டேட்டாபேஸை மீட்கப் போனால், டேப்பில் ஊழியர் ஃபைல்கள் மட்டும்தான். பேக்கப் ஸ்கிரிப்டில் டேப் டிரைவின் பெயர் 'எஸ்டி0' என்று இருந்தது. அந்தப் பெயரில் திறந்தால், மூடும்போது டேப் தானாக ஆரம்பத்துக்குச் சுற்றிக்கொள்ளும். ஃபைல்களை ஒன்றாகக் கட்டி எழுதும் டார் கட்டளை அடுத்து ஓடும்போது முந்தையதன் மேலேயே எழுதும். முன்னால் ஒரு 'என்' சேர்த்து 'என்எஸ்டி0' என்றால் நின்ற இடத்திலேயே நிற்கும். எந்தப் பிழைச் செய்தியும் வராது என்பதுதான் கொடுமை. மிச்சம் பின்னால் இருக்குமே என்று தேடவும் வழியில்லை. புதிதாக எழுதி முடித்த இடத்தை டேட்டாவின் முடிவாக வைத்துக்கொள்ளும் டிரைவ், அதைத் தாண்டிப் படிக்க மறுத்துவிடும்.

இன்னொரு வேடிக்கை, வேறு மெஷினில் எழுதிய டேப்பைப் படிக்கும்போது 'மெமரி ஒதுக்க முடியவில்லை' என்று வருவது. ராம் கூட்ட கொட்டேஷன் வாங்கியவர்களே உண்டு. டார் வழக்கமாக 10,240 பைட் பிளாக்காகப் படிக்கும். டேப்பில் பிளாக் அதைவிடப் பெரிதாக இருந்தால் டிரைவை இயக்கும் மென்பொருளான டிரைவர் இந்தப் பிழையைத்தான் தரும். டேப் டிரைவைக் கட்டுப்படுத்தும் எம்டி கட்டளையில் பிளாக் அளவை 0 ஆக்கி, டாரில் 512 பைட் கணக்கில் அளவு சொல்லும் 'பி' ஆப்ஷனுக்கு 128 கொடுத்தால் 64 கேபி பிளாக் வரை படித்துவிடும்.

டிடிஎஸ் என்ற டேப் வகை டிரைவ்களில், டேப்பைப் படித்து எழுதும் ஹெட் அழுக்காவதும் உண்டு. டிரைவின் நிலையைக் காட்டும் டேப்இன்ஃபோ கட்டளையை ஓட்டினால் சுத்தம் செய்யச் சொல்லும் எச்சரிக்கை தெரியும். கிளீனிங் கார்ட்ரிட்ஜ் போட்ட பிறகு, புது டேப்பிலும் மீடியம் எர்ரர், அதாவது டேப்பில் படிக்கவோ எழுதவோ முடியாத பிழை, வந்தால்தான் டிரைவ் மாற்ற எழுதிக் கொடுப்பேன்.