அப்பாவின் இதயத்தில் ஒரு சின்னப் பை

"துடிப்பு சரியாயிட்டா இந்த மாத்திரையை நிறுத்திடலாம்தானே டாக்டர்?" என்று அப்பா கேட்டார். "இல்லைங்கய்யா, அது வேற, இது வேற" என்றார் டாக்டர். அந்த ஒரு வரி எனக்குப் புரிய இரண்டு வாரம் ஆனது. இதே கேள்வியோடு இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

அப்பாவுக்கு 71 வயது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கும் துடிப்புக் கோளாறு, வந்து மூன்று வருடம். நெஞ்சுக்குள் யாரோ கூழாங்கல் உருட்டுவது போல் இருக்கிறது என்பார். பாதிப் படி ஏறியதும் நின்றுவிடுவார். வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை மூன்றும் சேர்ந்து பக்கவாத அபாயக் கணக்கில் அவருக்கு 3 மதிப்பெண். அதனால் ரத்தம் உறையாமலிருக்க அபிக்சபான், தினமும் இரண்டு வேளை.

போன வருடம் மலம் கறுப்பாகப் போனது. ஹீமோகுளோபின் 7-க்கு இறங்கிவிட்டது. வயிற்றில் ரத்தக்கசிவு. மாத்திரையைச் சில நாள் நிறுத்தினார்கள். அந்த நாட்களை என்னால் மறக்க முடியாது. காலையில் எழுந்ததும் ஏதாவது சொல்லி அவரைச் சிரிக்க வைப்பேன், வாய் ஒருபக்கம் இழுக்கிறதா என்று பார்க்க. மேலே இருக்கும் பொருளை எடுத்துத் தரச் சொல்வேன், இரண்டு கையும் தூக்க முடிகிறதா என்று பார்க்க. மாத்திரை போட்டால் ரத்தம் கசியும், போடாவிட்டால் ரத்தம் உறைந்து கட்டி சேரும். நடுவில் நாங்கள்.

அப்லேஷன் பற்றிப் பேச்சு வந்தது அப்போதுதான். நுரையீரலிலிருந்து இதயத்துக்கு வரும் ரத்தக்குழாய்களின் வாயிலிருந்துதான் பெரும்பாலும் இந்தத் தப்பான மின்துடிப்பு கிளம்புகிறது. பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள் 1998-ல் கண்டுபிடித்த விஷயம் அது. அந்த வாயைச் சுற்றி வடு உண்டாக்கினால் துடிப்பு வெளியே தாண்டாது, அதுதான் அப்லேஷன். சரி, அப்புறம் ஏன் மாத்திரை?

டாக்டர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். இடது மேலறையின் ஓரத்தில் விரல் அளவுக்கு ஒரு பை ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கும்போது அந்தப் பையில் ரத்தம் தேங்குகிறது. வால்வுக் கோளாறு இல்லாதவர்களுக்கு மேலறையில் உருவாகும் கட்டிகளில் பத்துக்கு ஒன்பது அங்கேதான். அப்லேஷனுக்குப் பிறகும் துடிப்பு சத்தமில்லாமல் தவறலாம், நோயாளிக்கே தெரியாது. துடிப்பு சரியானாலும் வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை மாறாது, அபாய மதிப்பெண்ணும் அப்படியே இருக்கும்.

அந்தப் பையின் வாயை அடைத்துவிடலாம் என்றார். மெல்லிய உலோகக் கம்பிக் கூடு, மேலே துணி. சுருட்டிக் குழாய் வழியே அனுப்பி உள்ளே விரிப்பார்கள். இரண்டு வேலைக்கும் பாதை ஒன்றேதான்: தொடை ரத்தக்குழாய் வழியே போய், மேலறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் துளையிட்டு இடப்பக்கம் நுழைவது. ஒரே மயக்கம், ஒரே துளை.

எனக்கு அது மட்டும் போதவில்லை. இரண்டையும் சேர்த்தால் ஆபத்தும் சேராதா? 2024-ல் வெளியான ஆப்ஷன் என்ற ஆய்வைப் படித்தேன். அப்லேஷன் செய்துகொண்ட 1,600 பேர். பாதிப் பேருக்குப் பையை அடைக்கும் அடைப்பு, பாதிப் பேருக்கு மாத்திரை. சிலருக்கு அடைப்பை அதே நாளில் வைத்தார்கள், மற்றவர்களுக்குச் சில மாதம் கழித்து. மூன்று வருடத்தில், சிகிச்சையோடு சம்பந்தமில்லாத ரத்தக்கசிவு அடைப்பு வைத்தவர்களில் 8.5 சதவீதம், மாத்திரை எடுத்தவர்களில் 18.1. மரணம், பக்கவாதம், உடலில் வேறெங்காவது கட்டி அடைப்பது, மூன்றும் சேர்ந்து 5.3-க்கு 5.8. அப்பாவின் வயிற்றை நினைத்துக்கொண்டு அந்த முதல் எண்ணைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

ஆனால் 'சிகிச்சையோடு சம்பந்தமில்லாத' என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது. இதயத்தைச் சுற்றி ரத்தம் சேர்வது, சாதனம் நகர்வது, அதன்மேலேயே கட்டி படிவது, ஓரத்தில் கசிவது எல்லாம் அரிதானாலும் நடக்கக் கூடியவை. டாக்டர் ஒன்றைக்கூட மறைக்கவில்லை. இன்னொன்றும் சொன்னார்: அப்லேஷன் செய்த உடனே பைக்குப் பக்கத்துத் திசு வீங்கலாம், அப்போது வாய் குறுகலாகத் தெரியும், வீக்கம் வற்றியதும் இடைவெளி விழலாம். அதனால் அப்லேஷனுக்கு முன்னும் பின்னும் எக்கோவில் அளந்துதான் அளவைத் தேர்ந்தெடுத்தார்.

சிகிச்சையைவிட, முடிந்தபின் காலை மடக்காமல் மல்லாந்து கிடந்த மணி நேரங்கள்தான் அப்பாவுக்குக் கஷ்டமாக இருந்தன. மூன்றாவது வாரம் கூழாங்கல் திரும்ப உருண்டது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. வடு ஆறும் முதல் சில வாரங்களில் இப்படி வரலாம், அதை வைத்துத் தோல்வி என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். இரண்டு நாளில் அடங்கியது.

மாத்திரை அன்றே நிற்கவில்லை. சாதனத்தின்மேல் திசு படர நேரம் வேண்டும், மூன்று மாதம் தொடர்ந்தார். வயிற்றுக்கு மருந்து கொடுத்து, மாதாமாதம் ஹீமோகுளோபின் பார்த்தோம்.

போன வாரம் உணவுக்குழாய் வழியே எக்கோ எடுத்தார்கள். ஓரத்தில் கசிவு இல்லை, மேலே கட்டி இல்லை. இனி ஆஸ்பிரின் மட்டும், கொஞ்ச காலத்துக்கு. வீட்டுக்கு வந்ததும் அப்பா மாத்திரைப் பெட்டியைத் திறந்து, மிச்சமிருந்த அபிக்சபான் அட்டையை எடுத்து என் கையில் கொடுத்தார். "இதை நீயே வச்சுக்கம்மா" என்று சொல்லிவிட்டு, நிற்காமல் மாடிப்படி ஏறினார்.