மூன்றேகால் மணி ஆங்கிலம்

அக்டோபர் 14, 2024, திங்கள், லீட்ஸ், இங்கிலாந்து

பேத்தியைப் பள்ளியிலிருந்து அழைத்து வரும் பொறுப்பு இன்று முதல் என்னுடையது. மூன்றேகாலுக்குப் பள்ளி விடுகிறது. மூன்று மணிக்கே வாசலில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது: தாய்மார்கள், சில தகப்பன்மார்கள், என்னைப் போன்ற தாத்தா பாட்டிகள். எல்லோரும் யாருடனாவது பேசிக்கொண்டே நிற்கிறார்கள்.

எனக்கு ஆங்கிலம் புதிதல்ல. திருச்சியில் வங்கி வேலை முழுவதும் ஆங்கிலத்தில்தான் ஓடியது. தலைமை அலுவலகத்துக்குக் கடிதம், தணிக்கையாளருக்கு விளக்கம், கடன் விண்ணப்பத்துக்குப் பரிந்துரை. ஒவ்வொன்றின் தலையிலும் பொருள், பார்வை என்று இரண்டு வரி இருக்கும். பொருளும் பார்வையும் இல்லாத ஆங்கிலத்தை எந்தப் பள்ளியும் எனக்குக் கற்றுத் தரவில்லை. இங்கே புழங்குவது அதுதான். ஒருவர் “ஆல் ரைட்?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் நடந்துவிட்டார். அதே இரண்டு சொல்லைத் திருப்பிச் சொன்னால் போதும், உடல்நிலையை யாரும் விசாரிக்கவில்லை என்கிறாள் மகள்.

அக்டோபர் 16, புதன்

மகள் ஒரு தடைப் பட்டியல் தந்திருக்கிறாள். சம்பளம், வயது, வீட்டு விலை, எத்தனை பிள்ளைகள், ஏன் ஒன்றோடு நிறுத்திவிட்டீர்கள், எந்த மதம்: எதையும் கேட்கக் கூடாதாம். திருச்சியில் ரயில் ஏறினால் விழுப்புரம் வருவதற்குள் இவ்வளவையும் கேட்டு முடித்து, எதிர் இருக்கைக்காரர் மகளுக்கு வரனும் சொல்லியிருப்போம்.

“பிறகு எதைத்தான் கேட்பது?” என்றேன்.

“கேட்காதீர்கள் அப்பா. கடன் கேட்டு வந்தவரை விசாரிப்பது போல் ஆகிவிடும். உங்களைப் பற்றிச் சின்னதாக ஏதாவது சொல்லுங்கள். விருப்பம் இருந்தால் அவர்களும் அவர்களுடையதைச் சொல்வார்கள்.”

கேள்வி கேட்காமல் எப்படி ஒரு மனிதரைத் தெரிந்துகொள்வது என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் பிழைப்புக்கு இங்கே இருப்பவள் அவள். சொன்னபடி செய்து பார்க்கலாம்.

அக்டோபர் 21, திங்கள்

நேற்று ஆஷ்லி என்ற புயல். வாசலில் இன்று அதைத் தவிர வேறு பேச்சில்லை. இரண்டு ஆங்கிலேயர் சந்தித்தால் முதல் பேச்சு வானிலையைப் பற்றித்தான் என்று ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் 1758-லேயே எழுதிவிட்டார். கிண்டலாகச் சொன்னாலும் காரணம் நியாயமானது. அட்லாண்டிக் பக்கமிருந்து ஒன்றன்பின் ஒன்றாக மேகக் கூட்டம் வந்துகொண்டே இருப்பதால், காலையில் அடித்த வெயிலுக்கும் மாலை நிலவரத்துக்கும் சம்பந்தம் இருப்பதில்லை. பேச நிஜமாகவே செய்தி இருக்கிறது. ஏப்ரல் மாதத் திருச்சியில் வெயிலைப் பற்றி என்ன புதிதாகச் சொல்லிவிட முடியும்?

ஒன்று கவனித்தேன். “குளிர் கூடிவிட்டது, இல்லையா?” என்று ஒருவர் சொன்னால் ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும். ‘நேற்று இதைவிட அதிகம்’ என்று வெப்பமானியைப் பார்த்துத் திருத்துவது மரியாதை இல்லை. அங்கே வானிலை பற்றிய விவாதம் எதுவும் நடக்கவில்லை.

இங்கே புயலுக்குப் பெயர் வைக்கும் வழக்கம் 2015-இல்தான் தொடங்கியதாம். எங்கள் ஊர்ப் பக்கமும் பெயர் உண்டு என்று பக்கத்தில் நின்ற ஓர் அம்மாளிடம் சொல்லி 2018 கஜாவை எடுத்தேன். பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்ததைச் சொன்னதும் அந்த அம்மாளின் முகம் மாறிவிட்டது. அவருடைய புயலில் குப்பைத் தொட்டிதான் உருண்டிருந்தது. பேச்சின் எடையை எதிராளி வைக்கும் எடைக்குச் சற்றே கூடவோ குறையவோ வைத்துக்கொள்ள வேண்டும் போலும். ஆனாலும் அவர் நகர்ந்துவிடவில்லை. தென்னை திரும்பக் காய்க்க எத்தனை ஆண்டு ஆகும் என்று கேட்டார். நல்ல கேள்வி.

அக்டோபர் 31, வியாழன்

பள்ளிக்கு விடுமுறை வாரம். தீபாவளியும் ஹாலோவீனும் இவ்வாண்டு ஒரே நாள். சாயங்காலம் வாசலில் எலும்புக்கூடு, சூனியக்காரி, பூசணி என்று வேடம் போட்ட பிள்ளைகள் மிட்டாய் கேட்டு வந்தார்கள். உள்ளே முறுக்கு, ரவா லட்டு. லட்டில் முந்திரி இருப்பதால், ஒவ்வாமைக்குப் பயந்து, உறை பிரிக்காத கடை மிட்டாயையே கொடுக்கச் சொன்னாள் மகள்.

உடன் வந்த தகப்பனார் ஒருவர் எங்கள் அகல் விளக்கைப் பார்த்து விசாரித்தார். ‘தீபங்களின் திருநாள்’ என்று பாடப்புத்தகப் பதிலைச் சொல்லியிருந்தால் “ஓ, லவ்லி” என்று அங்கேயே முடிந்திருக்கும். விடிவதற்கு முன் எழுந்து, தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டு வரிசையில் நின்று குளிக்க வேண்டும் என்றேன். “இந்தக் குளிரிலா?” என்று சிரித்தார். எந்த எண்ணெய், மாப்பிள்ளையும் வைத்துக்கொண்டாரா என்றெல்லாம் அவரே கேட்டார். பிள்ளைகள் அடுத்த வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போகும்வரை நின்றார்.

நவம்பர் 5, செவ்வாய்

ரவுண்ட்ஹே பூங்காவில் காலை நடையின்போது தினமும் எதிர்ப்படும் பெரியவர் இன்று தானாக நின்றார். இந்தியா சொந்த மண்ணில் நியூசிலாந்திடம் மூன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்ற செய்தி ஞாயிற்றுக்கிழமைதான் வந்தது. எனக்கு ஆறுதல் சொன்னார், ஆனால் வாய் மலர்ந்திருந்தது.

கிரிக்கெட் என்றால் எனக்கு வாய் மூடாது. அதிலும் லீட்ஸ் இருக்கும் இந்த யார்க்‌ஷயர்! யார்க்‌ஷயரில் பிறந்தவர்கள்தான் யார்க்‌ஷயருக்கு ஆட வேண்டும் என்று பல தலைமுறை பிடிவாதம் பிடித்தவர்கள், 1992-இல் முதல் வெளிநாட்டு வீரராக 19 வயது சச்சினைக் கொண்டுவந்தார்கள். அன்று இது அக்கிரமம் என்று கோபப்பட்டவர்களில் தாமும் ஒருவர் என்றார் பெரியவர். பிறகு ஹெடிங்லி மைதானத்தில் சச்சின் ஆடியதைப் பார்த்து வாயடைத்துப் போனாராம். 2019-இல் அதே மைதானத்தில் பென் ஸ்டோக்ஸ் 135 எடுத்து ஆஸ்திரேலியாவிடமிருந்து ஆட்டத்தைப் பறித்ததை நான் எடுத்தேன். கடைசி விக்கெட்டுக்குச் சேர்ந்த 76 ஓட்டத்தில் ஜாக் லீச்சின் பங்கு ஒன்றே ஒன்று. அந்த ஒன்றைப் பற்றி மட்டும் நெடுநேரம் பேசினோம்.

அவர் நாயின் பெயர் ஆல்ஃபி. அவர் பெயர் எனக்கு இன்னும் தெரியாது, என் பெயரும் அவருக்குத் தெரியாது. இங்கே இது குறையாகக் கருதப்படுவதில்லை.

நவம்பர் 16, சனி

கிர்க்கேட் சந்தைக்குப் போனோம். மீன் கடைக்காரர் என்னை “லவ்” என்றார். யார்க்‌ஷயரில் எழுபது வயதுக் கிழவனும் அந்த அழைப்புக்குத் தப்ப முடியாது.

மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் என்ற பெரிய கடை நிறுவனம் பிறந்த இடம் இந்தச் சந்தைதான். இன்றைய பெலாரூஸில் இருக்கும் ஸ்லோனிமிலிருந்து வந்த மைக்கேல் மார்க்ஸ் 1884-இல் இங்கே ஒரு தட்டுக் கடை போட்டார். ஆங்கிலம் அதிகம் வராது. ‘விலை கேட்க வேண்டாம், ஒரு பென்னி’ என்று எழுதிவைத்துப் பேரப் பேச்சையே இல்லாமல் செய்துவிட்டார். வியாபாரத்துக்கு அது போதும்தான். ஆனால் கடையை மூடிவிட்டு வீட்டுக்கு நடக்கும்போது பக்கத்துக் கடைக்காரரிடம் என்ன பேசியிருப்பார்?

நவம்பர் 25, திங்கள்

சனிக்கிழமை பெர்ட் புயல். வாசலில் மறுபடியும் எல்லோருக்கும் உற்சாகம்.

பேச்சை முடிப்பதும் இங்கே ஒரு கலை. ‘நான் போகிறேன்’ என்று யாரும் சொல்வதில்லை. “உங்களை இனியும் நிறுத்தி வைக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டு, தங்கள் அவசரத்தை நம் தலையில் வைத்துவிட்டுப் போகிறார்கள். அதோடு “ஒரு நாள் தேநீருக்குச் சந்திக்க வேண்டும்” என்பார்கள். தேதி சொல்லாத அழைப்பு வெறும் விடைபெறுதல்தான், பலகாரம் செய்துவிடாதீர்கள் என்று மகள் எச்சரித்திருந்தாள்.

கஜா கதை கேட்ட அம்மாள் இன்று தேதி சொன்னார். வியாழக்கிழமை, இரண்டு மணி, அவர் வீட்டில். மகளுக்கே நம்பிக்கை வரவில்லை. கையில் என்ன கொண்டுபோவது என்பது அவள் கவலை. எனக்கு வேறு கவலை. இரண்டு மணிக்குப் போனால் மூன்று மணி வரை உட்கார வேண்டும். வானிலை ஐந்து நிமிடம் தாங்கும். கிரிக்கெட் அந்த அம்மாளுக்குப் பிடிக்காது.