லா ஜர்னல் முதல் இஷ்யூ: என் அனுபவம்

எங்க யுனிவர்சிட்டி லா ஜர்னலோட முதல் இஷ்யூ போன மாசம் வந்துடுச்சு, ஒன்றரை வருஷம் உதவி எடிட்டரா இருந்தேன், புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு உதவுமேன்னு எழுதுறேன்.

ஐஎஸ்எஸ்என், அதாவது ஜர்னலுக்கான அடையாள நம்பர், வாங்குறதுதான் பெரும்பாடுன்னு பயமுறுத்துனாங்க. அப்படியெல்லாம் இல்ல, டெல்லில அதுக்குன்னு இருக்குற மையத்துக்கு அப்ளை பண்ணா எட்டு இலக்க நம்பர் ஃப்ரீயாவே கிடைக்குது, வாங்கித் தர்றேன்னு காசு கேக்குறவங்கள நம்பாதீங்க.

கஷ்டம் ரிவ்யூதான், அதாவது வந்த கட்டுரைய துறை தெரிஞ்சவங்க படிச்சு மதிப்பிடுறது. நாங்க எடுத்துக்கிட்டது டபுள் பிளைண்ட், எழுதுனது யாருன்னு ரிவ்யூவருக்கும் தெரியக்கூடாது, ரிவ்யூவர் யாருன்னு எழுதுனவங்களுக்கும் தெரியக்கூடாது. 2023 டிசம்பர்ல எண்ணூர் முகத்துவாரத்துல எண்ணெய் கலந்துச்சே, அதப் பத்தி ஒரு கட்டுரை வந்துச்சு. பேர எடுத்தேன், வேர்ட் ஃபைலுக்குள்ள ஒளிஞ்சிருந்த பேரையும் அழிச்சேன், பாத்தா மூணாவது பக்கத்துல தன் அப்பா அந்த ஆத்துல எறா புடிச்சவர்னு ஒரு வரி. நான் காசிமேட்டுக்காரி, அத வெட்ட கையே வரல. ஆனாலும் வெட்டி, தனியா எழுதி வெச்சுக்கிட்டு, கட்டுரை தேறுனதும் அதே எடத்துல திரும்பச் சேத்தேன்.

ரெண்டு ரிவ்யூவர்ல ஒருத்தர் நாலு மாசம் பதிலே போடல, இன்னொருத்தர் ஒரே ஒரு அடிக்குறிப்ப சுத்தி வட்டம் போட்டு அனுப்புனார். மாசுபடுத்துனவங்கதான் செலவ ஏத்துக்கணும்ங்கிறதுக்கு சுப்ரீம் கோர்ட்டோட வேலூர் சிட்டிசன்ஸ் கேஸ், (1996) 5 எஸ்சிசி 647 (எஸ்சிசிங்கிறது தீர்ப்புகளத் தொகுத்துப் போடுற வால்யூம்), அதுலேர்ந்து கோட் பண்ண வரி ஜட்ஜ் எழுதுனதே இல்ல, தீர்ப்புக்கு முன்னாடி பதிப்பாளர் போடுற ஹெட்நோட்! லைப்ரரில வால்யூம எடுத்து விரல் வெச்சு வரி வரியா தேடினேன், அவர் சொன்னது சரி.

அதுக்கப்புறம் மனசு கேக்கல. ஏழு கட்டுரையோட எல்லா அடிக்குறிப்பையும் மூலத் தீர்ப்போட ஒப்பிட்டோம், தண்டையார்பேட்டைலேர்ந்து மெட்ரோல போறப்போ வர்றப்போகூட அதே வேலை, இன்னும் ஒன்பது எடத்துல இதே தப்பு. யார் பாக்கப் போறாங்கன்னு ஒரு சீனியர் கேட்டார். ஜூனியர் வக்கீல் ஒருத்தர் நம்ம ஜர்னல நம்பி கோர்ட்ல எடுத்து நீட்டுனா என்ன ஆவுறதுன்னு கேட்டேன்.

ரெண்டாவது இஷ்யூவுக்கு ரிவ்யூவர் ஒத்துக்கும்போதே ஆறு வாரம்னு தேதி எழுதி வாங்கிடுறோம். தொழிலாளர் சட்டம் நல்லாத் தெரிஞ்சவங்க, பொறுமையா படிச்சுச் சொல்றவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, தேடிட்டிருக்கோம்.